பார்க்கின்சன் நோயாளிக்கு மருந்து உண்டு. பராமரிப்பவருக்கு யார் உண்டு?

அரியாலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'தான். ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு அவருடைய கையெழுத்து சிறுக்கத் தொடங்கியது. வரியைப் பெரிதாகத் தொடங்குவார். முடியும்போது எழுத்து வாசிக்க முடியாத அளவு குறுகிவிடும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். பிறகு வலது கையில் நடுக்கம் வந்தது. பிறகு நடை தளர்ந்தது. இன்று கட்டிலிலிருந்து எழும்ப மனைவியின் கை வேண்டும்.

அவருடைய மனைவிக்கு எழுபது வயது நெருங்குகிறது. வழியில் காணும்போதெல்லாம் "மாஸ்டர் எப்படி இருக்கிறார்?" என்றுதான் நான் கேட்பேன். கடந்த மாதம் ஏதோ தோன்றி, "அன்ரி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவருடைய கண் கலங்கியது. "ரெண்டு வருசமா ஒரு இரவும் முழுசா நித்திரை கொள்ளேல்லை ரீச்சர். இதை ஆரும் என்னட்டக் கேக்கேல்லை" என்றார்.

அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் இதே நிலையில் இருக்கும் உம்மாமார், மருமகள்மார், மகள்மார் எமது வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களைச் சுற்றியிருக்கும் எமக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நோய் என்ன செய்கிறது?

1817இல் லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் இந்நோயை விரிவாக விவரித்து எழுதினார். அவருடைய பெயரே நோய்க்கு நிலைத்தது. அவர் பிறந்த ஏப்ரல் 11ஆம் திகதி உலக பார்க்கின்சன் தினமாக நினைவுகூரப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகில் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தார்கள்.

எமது மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் உள்ளன. உடலின் அசைவுகள் தடையின்றி நடக்க இந்த டோபமைன் வேண்டும். பார்க்கின்சன் நோயில் அந்தக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அதனால் கை நடுங்குகிறது, தசை இறுகுகிறது, எல்லா அசைவும் மெதுவாகிறது, உடலின் சமநிலை குறைகிறது. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் இருக்கிறார்கள். மலச்சிக்கல், மணம் தெரியாமை, கனவில் கையைக் காலை வீசுதல், மனச்சோர்வு, எழுந்தவுடன் தலைசுற்றல் என்பனவும் இந்நோயின் பகுதிகள்தான்.

முகத் தசையும் இறுகுவதால் முகத்தில் உணர்ச்சி தெரியாது. குரலும் தாழ்ந்துவிடும். "வாப்பா இப்போது யாருடனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்று பிள்ளைகள் குறைப்படுவார்கள். அவர் கோபமாக இல்லை. அவருடைய முகம்தான் அவருடைய சொல்லைக் கேட்பதில்லை. சில வீடுகளில் இதைக் கண்ணூறு என்றும் ஜின்னின் வேலை என்றும் எண்ணி மாதக்கணக்கில் அலைகிறார்கள். துஆவும் ஓதிப் பார்ப்பதும் நோயாளிக்கு ஆறுதல் தரும். ஆனால் அதற்காக நரம்பியல் வைத்தியரிடம் செல்வதைத் தாமதிக்கக் கூடாது. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், ஆகவே சிகிச்சை செய்யுங்கள் என்பதும் எமது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல்தானே.

மருந்தும் மணிக்கூடும்

இந்நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அறிகுறிகளை நன்றாகக் கட்டுப்படுத்தும் மருந்து உண்டு. லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. 1960களின் இறுதியிலிருந்து பயன்பாட்டில் உள்ள இந்த மருந்துதான் இன்றும் சிகிச்சையின் முதுகெலும்பு. இதனைக் கார்பிடோபா என்ற மருந்துடன் சேர்த்தே பொதுவாகக் கொடுப்பார்கள்.

வீட்டில் பராமரிப்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான்: இந்த மருந்துக்கு நேரம் முக்கியம். நோய் முற்ற முற்ற, ஒரு மாத்திரையின் பலன் சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். காலையில் தானாக நடந்த மனிதர் பதினொரு மணிக்குக் கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் இருப்பார். மாத்திரை உள்ளே சென்று அரைமணி, ஒரு மணி நேரத்தில் மறுபடியும் நடப்பார். இதைப் பார்ப்பவர்கள் "நடிக்கிறார்" என்று சொல்வதுண்டு. அது நடிப்பல்ல, மருந்தின் ஏற்ற இறக்கம். குளிப்பது, நடப்பது, தொழுவது போன்றவற்றை மருந்து வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொண்டால் இருவருக்குமே சிரமம் குறையும்.

இறைச்சி, மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவுகள் சிலருக்கு இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி நேரமாவது முன்பு மாத்திரையைக் கொடுக்கும்படி வைத்தியர்கள் சொல்வார்கள். மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைட் போன்ற சில மருந்துகள் இந்நோயை மோசமாக்கும். எந்த வைத்தியரிடம், எந்த ஃபார்மசிக்குச் சென்றாலும் "இவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். மருந்துகளின் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வையுங்கள்.

ரமழான் வரும்போது இது பெரிய கேள்வியாகிறது. நோன்புக்காக மாத்திரையை விட்டுவிட்டு, இரண்டாம் நாளே விழுந்து காயப்படுபவர்கள் உண்டு. நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்தான். சூரா அல்பகராவில் அது தெளிவாக இருக்கிறது. குணமாகும் எதிர்பார்ப்பற்ற நோய்க்கு ஃபித்யா உண்டு. ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடமும் ஆலிமிடமும் சேர்த்துக் கேட்டு முடிவெடுங்கள். முடிவின் பாரத்தை நோயாளியின் தலையில் வைக்காதீர்கள். தொழுகையும் அப்படித்தான்: நிற்க முடியாதவர் இருந்தும், இருக்க முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது ஹதீஸில் வந்த சலுகை.

வீட்டைச் சற்று மாற்றுங்கள்

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசற்படி உயரம். கழிப்பறை வளவின் மூலையில் இருக்கும். கிணற்றடி வழுக்கும். பார்க்கின்சன் நோயாளி விழுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை பிடித்துச் செல்ல ஒரு கைபிடிக் குழாய், இரவில் ஒரு சிறிய விளக்கு, வுழூச் செய்ய நீர்க்குழாயின் முன் ஒரு உறுதியான கதிரை, விரிப்புகளை அகற்றிய தரை. இவற்றுக்குச் செலவு அதிகமில்லை.

நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டியதுபோல நின்றுவிடுவதும் இந்நோயில் சகஜம். வாசலிலும் திரும்பும் இடத்திலும் இது அதிகம் நேரும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். "ஒன்று, இரண்டு" என்று தாளமாக எண்ணுங்கள்; அல்லது தரையில் ஒட்டிய கோடு ஒன்றைத் தாண்டச் சொல்லுங்கள். பலருக்குக் கால் உடனே எழும்பும். சாப்பிடும்போது நிமிர்ந்து இருத்துங்கள், சிறு கவளமாகக் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். உணவு சுவாசப் பாதைக்குள் சென்று நியுமோனியா ஏற்படுவது இந்நோயாளிகளின் மரணத்துக்கு ஒரு முக்கிய காரணம்.

பேச்சிலும் அவசரம் வேண்டாம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு: கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள், பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டியதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மாஸ்டருடன் பேசும்போது அந்தப் பாடம்தான் எனக்கு உதவுகிறது.

அலியின் பின்னால் நின்றவர்

இந்நோயுடன் வாழ்ந்தவர்களில் உலகம் அதிகம் அறிந்தவர் ஒரு முஸ்லிம்தான். குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலிக்கு 1984இல், 42 வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் அவர் தீபம் ஏற்றியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 ஜூன் 3ஆம் திகதி இறையடி சேரும் வரை 32 வருடங்கள் அவர் அந்நோயுடன் வாழ்ந்தார்.

அதில் 30 வருடங்கள் அவருடைய மனைவி லோனி அலி கூட இருந்தார். 1986இல் அவர்கள் திருமணம் செய்தபோது நோய் ஏற்கனவே தெரிந்திருந்தது. மருந்து, பயணம், வைத்தியம் அனைத்தையும் முன்னின்று கவனித்தவர் அவர். ஆனால் அவர் தனியாகச் செய்யவில்லை. அவருடைய சகோதரியும் உடனிருந்து கவனித்தார். பராமரிப்பவர்களும் பராமரிக்கப்பட வேண்டியவர்கள் என்பதை லோனி அலி பின்னர் பொதுவெளியில் தொடர்ந்து பேசினார். உலகப் புகழும் வசதியும் இருந்த வீட்டுக்கே உதவிக் கை வேண்டியிருந்தது என்றால், எமது வீடுகளில் ஒரு பெண்ணின் தலையில் மட்டும் அனைத்தையும் வைப்பது எப்படி நியாயம்?

எமது நிலைமை

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1990 ஒக்டோபரில் நாம் வெளியேற்றப்பட்ட பிறகு குடும்பங்கள் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, வெளிநாடு எனச் சிதறின. போர் முடிந்த பிறகு பல வீடுகளில் மூத்தவர்கள்தான் ஊருக்குத் திரும்பினார்கள். பிள்ளைகளின் தொழிலும் பேரப்பிள்ளைகளின் பாடசாலையும் புத்தளத்திலேயே நின்றுவிட்டன. முன்பு சோனகத் தெருவில் ஒரு நோயாளிக்கு நாலு வீட்டுக் கை இருந்தது. இன்று கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடுகள் இருக்கின்றன. பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்கும் கை வருவதில்லை.

மார்க்கம் பெற்றோரைப் பற்றிச் சொல்வதை நாம் எல்லோரும் அறிவோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. ஆனால் குடும்பத்தின் கடமையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அந்தக் கடமையைச் செய்து களைத்துப்போன பெண்ணுக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். அயலவரின் கடமையும் குர்ஆனில் இருக்கிறது. நெருங்கிய அயலவர், தூரத்து அயலவர் என்று சூரா அந்நிஸா பிரித்துச் சொல்கிறது. இன்ன மார்க்கத்தவர் என்று அங்கு நிபந்தனை இல்லை.

மலப்புறம் காட்டிய வழி

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் கேரளாவைப் பார்க்கலாம். 1993இல் கோழிக்கோட்டில், வலி நிவாரணத்துக்கும் ஆதரவுப் பராமரிப்புக்குமான ஒரு சங்கத்தை வைத்தியர்கள் தொடங்கினார்கள். டொக்டர் எம்.ஆர். ராஜகோபால், டொக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் அதன் முன்னோடிகள். வைத்தியசாலைக்கு வரும் நோயாளிகளை மட்டும் பார்த்தால் போதாது, படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தார்கள். 2000களின் தொடக்கத்தில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் இது அயலவர் வலைப்பின்னலாக வேரூன்றியது.

அதன் முறை எளிமையானது. வாரத்தில் இரண்டு மணித்தியாலமாவது ஒதுக்கக்கூடியவர்கள் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு 16 மணித்தியால வகுப்பும் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் கொடுக்கப்பட்டன. பிறகு தங்கள் சொந்தக் கிராமத்திலேயே வீடு வீடாகச் சென்றார்கள். தாதியும் வைத்தியரும் அவர்களுக்குப் பின்பலமாக நின்றார்கள். செலவின் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் சிறு நன்கொடைகளிலிருந்து வந்தது. புற்றுநோயாளிகளுடன் தொடங்கிய இப்பணி, பக்கவாதம், முதுமை, நீண்டகால நரம்பு நோய்கள் என விரிந்தது. 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. கூலித் தொழிலாளியும் மாணவரும் ஆசிரியரும் ஒன்றாகச் செய்த வேலை அது.

நாம் எங்கே தொடங்கலாம்?

எமது பள்ளிவாசல்களின் ஜமாஅத்துகளுக்கு ஜனாஸா ஏற்பாடு நன்றாகத் தெரியும். ஒருவர் இறந்த செய்தி வந்தால் ஒரு மணி நேரத்தில் கபுறு வெட்ட ஆள் இருக்கும், சமைத்துக் கொடுக்க வீடு இருக்கும். அதே ஒழுங்கைப் பத்து வருடம் முன்கூட்டியே, அவர் உயிரோடு இருக்கும்போது செய்ய முடியாதா?

முதலில் மஹல்லாவில் படுக்கையிலும் நீண்டகால நோயிலும் இருப்போரின் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் பராமரிப்பவரின் பெயரையும் எழுதுங்கள். வைத்தியசாலையின் தாதியரையும் இயன்மருத்துவரையும் அழைத்து ஒரு வார இறுதிப் பயிற்சி வையுங்கள். எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது, படுக்கைப் புண்ணை எப்படித் தடுப்பது என்று கற்றுக்கொள்ளலாம். ஆண் நோயாளியைக் குளிப்பாட்ட ஆண் தொண்டர்கள் வேண்டும். இந்த வேலை முழுவதும் பெண்கள்மீது விழுவதற்கு ஆண்கள் முன்வராததே பெரிய காரணம். ஸகாத் பெறத் தகுதியுள்ள வீடா என்பதை ஆலிம்களிடம் கேட்டு, மருந்துக்கும் சக்கர நாற்காலிக்கும் உதவலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் என்ன உதவி கிடைக்கும் என்று விசாரித்துச் சொல்வதும் ஒரு சேவைதான்.

இவை எதுவும் இப்போது முடியாது என்பவர்கள், வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் ஒரு வீட்டுக்குச் செல்லுங்கள். நோயாளியின் பக்கத்தில் நீங்கள் இருங்கள். பராமரிப்பவரைத் தூங்கவோ, கடைக்குப் போகவோ, தன் சகோதரியைப் பார்த்து வரவோ விடுங்கள்.

இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் நான் மாஸ்டருடன் இருக்கிறேன். நாலு மணி மாத்திரையை நான் கொடுக்கிறேன். அவர் பழைய மாணவர்களின் கதையை மெதுவாகச் சொல்கிறார். நான் காத்திருந்து கேட்கிறேன். அன்ரி உள்ளறையில் தூங்குகிறார். நான் செய்வது அவ்வளவுதான்.

நோயுற்றவர்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்குப் பலத்தையும், அயலில் இருக்கும் எமக்கு அவர்களைக் காணும் கண்ணையும் தருவானாக. ஆமீன்.