கால் மில்லிமீட்டர் காற்று

திருவனந்தபுரம்: காற்றை வீட்டுக்குள் வரவழைப்பதில் பேர் போன ஊர் இது. பிரசாந்த் நகரில் 1970களில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டிய லாரி பேக்கர், சுவரிலேயே செங்கல்லைச் சல்லடை போல் அடுக்கிக் காற்றுக்கு வழி விட்டார். புழுங்கும் ஊருக்கு அது சரி.

ஆனால் காற்று தன்னிஷ்டம்போல் போய்வரக் கூடாத அறைகளும் இதே ஊரில் உண்டு. காசநோயாளியைத் தனியே வைக்கும் ஆஸ்பத்திரி அறை அதில் ஒன்று. அங்கே காற்று வராந்தாவிலிருந்து அறைக்குள் போகவேண்டுமே தவிர, அறையிலிருந்து வராந்தாவுக்கு வரக்கூடாது. வந்தால் அங்கே நிற்கும் நர்சுக்கும் பெருக்கும் அம்மாளுக்கும் ஆபத்து. இதற்காக அறையின் காற்றழுத்தத்தை வெளியைவிட 2.5 பாஸ்கலாவது குறைத்து வைக்கிறார்கள். தண்ணீர்க் கணக்கில் அது கால் மில்லிமீட்டர் உயரந்தான்!

இன்னொன்று கம்ப்யூட்டர் அறை. கழக்கூட்டத்தில் 1990ல் டெக்னோபார்க் தொடங்கிய பிறகு இந்நகரில் இவ்வகை அறைகள் பெருகின. அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது. வாயுவை நிரப்பி அணைக்கிறார்கள். பொதுவாக 10 நிமிஷம் அந்த வாயு அறைக்குள் நிற்கவேண்டும். ஓட்டை வழியே அது வெளியேறினால் அணைந்த தீ மறுபடி பற்றும்.

ஓட்டை எங்கிருந்து வருகிறது? கேபிள் இழுக்கச் சுவரைத் துளைக்கிறார்கள். ஏ.சி. குழாய்க்கு இன்னொரு துளை. ஃபால்ஸ் சீலிங் போட்டதும் எல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடும். நாகர்கோவில், குழித்துறை பாசஞ்சரில் காலையில் வந்திறங்கும் கொத்தனார்களும் எலெக்ட்ரீஷியன்களும் இந்த வேலையை நன்றாக அறிவார்கள். குறை வெளிப்பட்டால் பழி யார் தலையில் விழும் என்பதையும் அறிவார்கள்.

இங்கேதான் டிஜிட்டல் அழுத்தமானி உதவுகிறது. கதவைத் திறந்து, அந்த இடத்தில் துணித்தட்டியை இறுக்கிப் பொருத்தி, அதில் ஒரு மின்விசிறியை வைக்கிறார்கள். 1977 வாக்கில் ஸ்வீடனில் சன்னலில் வைத்துப் பார்த்த முறைதான் இது. கருவியின் ஒரு ரப்பர் குழாய் அறைக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும். இன்னொன்று விசிறி தள்ளும் காற்றின் அளவைக் காட்டும். வித்தியாசம் 50 பாஸ்கல் வரும்வரை விசிறியை முடுக்குகிறார்கள். அந்த நிலையில் எவ்வளவு காற்றைத் தள்ளவேண்டியிருக்கிறதோ, அவ்வளவுதான் கசிவு.

பழைய கண்ணாடிக் குழாயில் 50 பாஸ்கல் என்பது 5 மில்லிமீட்டர் தண்ணீர். கண் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 10 பாஸ்கல் போயிற்று! டிஜிட்டல் கருவியோ பாஸ்கலில் பத்தில் ஒரு பங்கைக் கூடக் காட்டும். அதனாலேயே அது சற்று படபடக்கும். கடற்காற்று அடித்தால் எண்கள் குதிக்கும். வெளிக்குழாயின் நுனியைக் காற்று நேராகப் படாத மூலையில் வைத்து, சில விநாடிகளின் சராசரியை எடுக்கவேண்டும். விசிறியை மூடிவிட்டு, சும்மா இருக்கும்போது என்ன அழுத்தம் என்று முதலில் குறித்துக்கொள்வதும் அவசியம். அவசரக்காரர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

விசிறி ஓடும்போது ஓர் ஊதுபத்தியைச் சுவரோரமாகக் கொண்டுபோனால் போதும், புகை இழுபடும் இடம் ஓட்டையைக் காட்டிக்கொடுத்துவிடும். சுவிட்சுப் பெட்டி, கதவின் அடிப்பாகம், சீலிங்குக்கு மேலே சுவர் முட்டும் இடம் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். கேபிள் துளைகளைத் தீ தாங்கும் பூச்சாலும், கதவிடுக்கை ரப்பர் பட்டையாலும் அடைத்து மறுபடி அளக்கவேண்டும். அடைப்பதற்கு முன் ஓர் எண், பின் ஓர் எண். இரண்டையும் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளும் மேஸ்திரிக்குப் பில் பாஸாவதில் தகராறு குறையும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் போட்ட துளைக்கு அவர் பதில் சொல்லவும் வேண்டியிராது.

கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டையும் பார்க்கவேண்டும். கடைசியாகச் சரிபார்த்த தேதி அதில் இருக்கும். ஓராண்டு கடந்திருந்தால் அளக்க வந்தவரிடம் தயங்காமல் கேட்கலாம்.