வெட்டினாலும் மங்காத படம்

வி.எச்.எஸ். நாடாவில் பதிவான திருமணப் படத்திற்கு ஒரு படி எடுத்து, அந்தப் படியிலிருந்து மற்றொரு படியும் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நிறங்கள் கரைந்திருக்கும், முகத்தின் விளிம்பு குழைந்திருக்கும். மின்குறிப்பின் ஏற்ற இறக்கமே அந்நாடாவில் காந்தப் பதிவாக அமைந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் கருவியின் இரைச்சல் அதனோடு சேர்ந்துகொண்டது. படத்தைத் தொகுப்பதற்கும் படி எடுத்தே ஆக வேண்டும். ஆகவே தொகுத்த படம் மூலத்தைவிட மங்கலாகவே இருந்தது.

1995இல் வந்த டிஜிட்டல் கேம்கார்டர்கள் இந்நிலையை மாற்றின. 6.35 மி.மீ. அகலமுள்ள சிறு நாடாவில் இவை படத்தை எண்களாகப் பதிவு செய்தன. எண்களைப் படி எடுப்பது வாய்ப்பாட்டைப் பார்த்து எழுதுவது போன்றது. எத்தனை கை மாறினாலும் ஏழெட்டு ஐம்பத்தாறுதான். (கேசட்டின் மீதுள்ள ‘மினி டி.வி.’ என்பது டிஜிட்டல் வீடியோவைக் குறிக்கும், தொலைக்காட்சியை அன்று.)

அப்படியானால், கணிப்பொறியில் தொகுத்த படமும் சில வேளை மங்கிப்போவது ஏன்? குற்றம் வெட்டுவதில் இல்லை, சுருக்குவதில் இருக்கிறது.

நம் நாட்டுக் கேமராக்களில் ஒரு சட்டத்திற்கு 720 × 576 படப்புள்ளிகள். விநாடிக்கு 25 சட்டங்கள். நிற விவரங்களை ஓரளவு குறைத்த பின்னரும் விநாடிக்குச் சுமார் 124 மெகாபிட் தேறும். கேமரா இதை ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 25 மெகாபிட்டாகச் சுருக்கிவிடுகிறது. எவ்வாறு? படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் ஒளி வேறுபாட்டையும் பல அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய அலைகளின் அளவுகளைத் தோராயப்படுத்துகிறது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவர் 1974இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றமே இதற்கு அடிப்படை.

3.4 என்பதை 3 என்று எழுதிவிட்டால் அந்த 0.4 திரும்பக் கிடைக்காது அன்றோ? சுருக்கிய படத்தை விரித்து, மாற்றம் செய்து, மீண்டும் சுருக்கினால் தோராயத்தின் மேல் தோராயம் ஏறுகிறது. படம் மங்குவது இதனால்தான்.

ஆனால், இந்த நாடாக்களில் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே சுருக்கப்பட்டிருக்கிறது. ஒலியும் சேர்த்து ஒரு சட்டத்திற்கு 1,44,000 பைட்டுகள். வேண்டாத சட்டங்களை நீக்கி, எஞ்சியவற்றை வரிசையாக அடுக்கினால் அவற்றில் ஓர் எண்கூட மாறுவதில்லை. ஒரு காட்சி கரைந்து மறு காட்சி தோன்றும் இடத்திலும், எழுத்துகள் வரும் இடத்திலும் மட்டுமே புதிய கணக்கு தேவை. இரண்டு விநாடிக் கரைவு என்றால் 50 சட்டங்கள். படம் முழுவதற்கும் நிறம் திருத்தினால், படம் முழுவதும் மறுசுருக்கத்துக்கு உள்ளாகும். மிக அவசியமான காட்சிகளோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

2006இல் அறிமுகமான ஏ.வி.சி.எச்.டி. முறையில் இந்த வசதி இல்லை. அதில் ஒரு சட்டம் முழுமையாகவும், தொடரும் சட்டங்கள் பெரும்பாலும் மாறுதல்களாகவும் பதிவாகின்றன. தொகுதியின் நடுவே வெட்டினால், மாறுதலை ஒப்பிட வேண்டிய சட்டம் காணாமற்போகும். சில மென்பொருள்கள் வெட்டிய இடத்தை ஒட்டிய தொகுதியை மட்டும் மீண்டும் சுருக்குகின்றன. வேறு சில, படம் முழுவதையுமே சுருக்கிவிடுகின்றன.

உங்கள் வீட்டில் மினி டி.வி. கேசட்டுகள் இருந்தால் இனியும் தாமதிக்க வேண்டாம். நாடா முதுமையடைகிறது; அதை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு தாழை முதலில் ‘சேவ்’ பக்கம் தள்ளுங்கள்; தவறுதலாக மேற்பதிவு ஆகாது. பயர்வயர் கம்பி வழியாகவே கணிப்பொறிக்கு மாற்றுங்கள். இத்துளை இப்போதைய கணிப்பொறிகளில் இராது; பழைய கணிப்பொறி ஒன்றைத் தேடுவது வீண்வேலையாகாது. மஞ்சள் முனைக் கம்பியை நாடினால் எண்கள் மின்னலைகளாக மாறி, மறுபடியும் எண்களாகும். பழைய நோய் திரும்பிவிடும். ஒரு மணி நேரப் படம் வன்தட்டில் சுமார் 13 கிகாபைட் இடம் கொள்ளும். தொகுக்கும் மென்பொருளையும் அதே முறைக்கே அமைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அனுப்பும் சிறு படியைக் கடைசியில் எடுங்கள். எடுத்த பின் பெரிய கோப்பை அழித்துவிடாதீர்கள்.

மாற்றிய படத்தில் சதுரம் சதுரமாகச் சிதறல் தெரிந்தால், கேமராவின் தலையைச் சுத்தம் செய்து அப்பகுதியை மட்டும் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் படிக்க முடியாத எண்கள் இரண்டாம் ஓட்டத்தில் கிடைத்துவிடுவதுண்டு.