வயற் பதிவேட்டின் திகதிகளையும் நேரங்களையும் விரிதாளில் வரைதல்

மழைமானி வைத்திருக்கும் நெற்செய்கையாளரும் கிணற்று நீர்மட்டத்தை அளந்துவரும் மரக்கறிச் செய்கையாளரும், தம் கொப்பியில் எழுதியவற்றை இக்காலத்தில் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ உள்ள விரிதாளிற் பதிந்து வரைபாக்கிப் பார்க்கின்றனர். இது பெரிதும் வரவேற்கத்தக்க வழக்கமாகும். ஆயினும் வரைபு அழகாக அமைந்துவிட்டது என்பதனால் அது மெய்யைக் காட்டுகின்றது என்று கொள்ளலாகாது. அளவுகள் யாவும் சரியாக இருந்தும், திகதியை விரிதாள் திகதியாக ஏற்றுக்கொள்ளாத ஒரே காரணத்தினால் வரைபு முழுவதும் பொய்த்தோற்றம் தரக்கூடும்.

பெரும்போகத்தில் மானாவாரியாக நெல் விதைத்த கமக்காரர் ஒருவர், மழை பெய்த நாட்களை மட்டும் பின்வருமாறு குறித்தார் என்று வைத்துக்கொள்க: ஒக்டோபர் 8 இல் 22 மில்லிமீற்றர், 11 இல் 35, 13 இல் 18, நவம்பர் 4 இல் 27, 6 இல் 41, 9 இல் 30. இந்த ஆறு பதிவுகளும் சாதாரண சலாகை வரைபாக இடப்பட்டால், ஆறு சலாகைகளும் ஒன்றன் அருகே ஒன்றாகச் சம இடைவெளியில் நிற்கலாம். அதனைப் பார்ப்பவர் மழை ஒழுங்காகவே பெய்தது என்று கருதுவார். உண்மையிலோ ஒக்டோபர் 14 தொடக்கம் நவம்பர் 3 வரை 21 நாட்கள் ஒரு துளி மழையும் இல்லை. முளைத்த நாற்று வாடிக் கருகியது அந்த மூன்று கிழமைகளிலேதான். வரைபை நம்பிய கமக்காரர் விதைநெல்லைக் குறைகூறுவார். அடுத்த போகத்தில் இனத்தை மாற்றுவார். விதைக்கும் நாளை மாற்றிப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றவே மாட்டாது.

இத்தவறு நேர்வது எவ்வாறெனின், விரிதாள் தன் கிடை அச்சை இருவகையாக அமைக்க வல்லது. ஒன்று, கலங்களில் உள்ளவற்றை வெறும் பெயர்களாகக் கொண்டு வரிசையாக அடுக்கும் அச்சு. கத்தரி, வெண்டி, பூசணி என்னும் பெயர்களை அடுக்குவதற்கு இதுவே ஏற்றது. கத்தரிக்கும் வெண்டிக்கும் இடையே தூரம் என்று ஒன்றில்லை. மற்றையது, நாட்களுக்கிடையில் உள்ள மெய்யான தூரத்தைக் காக்கும் திகதி அச்சு. மழைக்கும் நீர்மட்டத்திற்கும் பூச்சிக் கணக்கெடுப்பிற்கும் உரியது இந்த இரண்டாவது அச்சேயாகும். திகதி அச்சு அமையவேண்டுமாயின், கலங்களில் இருப்பவை உண்மையான திகதிகளாய் இருத்தல் வேண்டும்.

உண்மையான திகதி என்பது விரிதாளுக்கு ஓர் எண் மட்டுமே. மாதப்பெயரும் ஆண்டும் நாம் வாசிப்பதற்காக அவ்வெண்ணின்மீது போர்த்தப்பட்ட உடையாகும். எக்செல் விரிதாள் 1900 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆந் திகதியை 1 எனக் கொண்டு ஒவ்வொரு நாளையும் தொடர்ந்து எண்ணிச் செல்கின்றது. அக்கணக்கின்படி 2024 நவம்பர் 1 ஆந் திகதி 45597 ஆகும், மறுநாள் 45598. (நெட்டாண்டு அல்லாத 1900 இனை அது நெட்டாண்டாகவே எண்ணுகின்றது. லோட்டஸ் 1-2-3 என்னும் பழைய விரிதாளோடு ஒத்துப்போவதற்காக அறிந்தே வைத்துக்கொண்ட பிழை அது. இக்காலத் திகதிகளுக்கு அதனால் தீங்கில்லை.) கலத்தில் உள்ளது எண்ணா எழுத்தா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. திகதி நிரலைத் தெரிந்து, அதன் வடிவமைப்பை 'ஜெனரல்' என மாற்றுக. ஐந்திலக்க எண்ணாக மாறியவை திகதிகள். மாறாமல் எழுதியபடியே நிற்பவை வெறும் எழுத்துக்கள். பார்த்தபின் மீண்டும் திகதி வடிவத்திற்கு மாற்றிவிடலாம். நாமாக ஒழுங்குபடுத்தாத கலங்களில் திகதி வலப்புறமாகவும் எழுத்து இடப்புறமாகவும் ஒதுங்கி நிற்பதைக் கொண்டும் இதனை உய்த்துணரலாம்.

எழுத்தாகிப் போகும் திகதிகள் பெரும்பாலும் நாள், மாத ஒழுங்கினால் விளைகின்றன. இலங்கையில் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுவது வழக்கம். அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்ட கணினியோ மாதத்தையே முதலில் எதிர்பார்க்கும். அத்தகைய கணினியில் 8/10 என்று இட்டால் அது ஒக்டோபர் 8 ஆகாது, ஓகஸ்ட் 10 ஆகிவிடும். 13/10 என்று இட்டாலோ, பதின்மூன்றாம் மாதம் இல்லாமையால் அது திகதியாகாமல் எழுத்தாகவே தங்கிவிடும். இவ்விரண்டினுள் முதலாவதே கொடியது. எழுத்தாக நின்றதைக் கண்டுபிடித்துவிடலாம். வேறொரு மாதத்திற் போய் அமர்ந்த மழையைக் கண்டுபிடிப்பது அரிது. ஆகையால் ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கில் 2024-10-08 என்று பதிதலே பாதுகாப்பான முறையாகும். புள்ளியிட்டு 8.10.2024 என்று எழுதும் பழக்கமுடையோர் விரிதாளில் அதனைக் கைவிடுதல் நன்று.

ஐப்பசி 22 என்றோ கார்த்திகைப் பூரணை என்றோ குறித்துவைக்கும் முதியோர் பலர் உளர். அக்குறிப்புக்களை அழித்துவிட வேண்டியதில்லை. ஆயினும் தமிழ்மாதத் திகதியை விரிதாள் நாளாக எண்ணமாட்டாது. அதற்கென அடுத்த நிரலொன்றை ஒதுக்கி, அச்சிற்குரிய நிரலில் ஆங்கிலத் திகதியை இடுக.

பெரும்போகம் ஆண்டின் எல்லையைக் கடந்து செல்வதனால் மற்றுமொரு தொல்லை உண்டு. ஆண்டை இடாமல் நாளையும் மாதத்தையும் மட்டும் பதிந்தால், பதியும் அன்று நடக்கும் ஆண்டையே விரிதாள் தானாகச் சேர்த்துக்கொள்ளும். போகம் முடிந்தபின் பெப்ரவரியில் ஓய்வாக இருந்து கொப்பி முழுவதையும் பதிகின்ற ஒருவருக்கு, சென்ற ஒக்டோபர் மாதத்து மழை இனிவரும் ஒக்டோபர் மாதத்து மழையாகப் பதிவாகும். வரைபில் ஜனவரி மழை இடப்பக்க ஓரத்திலும் ஒக்டோபர் மழை வலப்பக்க ஓரத்திலும் நிற்க, நடுவே பல மாதங்கள் வெறுமையாகக் கிடக்கும். இவ்வாறான வெறுமையைக் கண்டவுடன் ஆண்டைச் சோதித்தல் வேண்டும்.

திகதிகள் யாவும் சரியாயின், வரைபின் கிடை அச்சை இருமுறை தட்டித் திறக்கும் பகுதியில் 'டேற் அக்சிஸ்' என்பதைத் தெரிக. அடிப்படை அலகு 'நாள்' என இருத்தல் வேண்டும். அது 'மாதம்' என இருந்தால் ஒரு மாதத்து மழை முழுவதும் ஒரே இடத்தில் வந்து குவியும். பெரிய அலகை 7 நாட்கள் என அமைத்தால் அச்சிற் கிழமைக்கு ஒரு கோடு வரும். பிற விரிதாள்களிற் பெயர்களும் இடங்களும் வேறுபடும். மேற்கூறிய ஆறு மழைகளையும் இவ்வாறு வரைந்தால், மும்மூன்றாக இருபுறம் ஒதுங்கிய சலாகைகளுக்கிடையே 21 நாள் வறட்சி தெளிவாகத் தெரியும். மழையை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளப்பதும் அவசியம். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 உடன் முடிவடையும் 24 மணித்தியால மழையை ஒரு நாட் கணக்காக எடுக்கின்றது. கமக்காரரும் அந்நேரத்தையே கைக்கொண்டால் தம் பதிவை அண்மையிலுள்ள நிலையத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

திகதி ஓர் எண்ணாக இருப்பதனால் விளையும் பெரும்பயன் பயிரின் வயதை அறிதலாகும். அறுவடைத் திகதியிலிருந்து விதைத்த திகதியைக் கழித்தால் நாட்கள் கிடைக்கும். 2024 ஒக்டோபர் 15 இல் விதைத்து 2025 ஜனவரி 28 இல் அறுவடை செய்த நெல்லுக்கு வயது 105 நாட்கள். விடை நிற்கவேண்டிய கலத்தில் 1900 ஏப்ரல் 14 என்று தோன்றினாற் கலங்க வேண்டியதில்லை. அது 105 என்னும் எண்ணே. கலத்தின் வடிவமைப்பை எண்ணாக மாற்றுதல் போதும். புழுதியில் விதைத்தோர், விதைத்த நாளை விடுத்து, முளைகொள்ளப் போதிய மழை பெய்த நாளிலிருந்து கழித்தல் முறையாகும்.

வறட்சி எத்தனை நாள் நீடித்தது என்பது ஒரு கேள்வி. பயிரின் எந்த வயதில் அது வந்தது என்பது அதனிலும் பெரிய கேள்வி. நெல்லிற் கதிர்க்குருத்து உருவாகும் நாளிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ 65 நாட்கள் செல்லும். பூப்பதற்கு ஏறக்குறைய 35, பின் முற்றுவதற்கு 30. இனங்களுக்கிடையே வயது வேறுபடுவது பெரும்பாலும் அதற்கு முந்திய வளர்ச்சிப் பருவத்திலேயாம். ஆகவே பீஜீ 352 போன்ற மூன்றரை மாத இனத்திற் கதிர்க்குருத்து 40 ஆம் நாளையடுத்து உருவாகத் தொடங்கும். அப்பொழுது தொடங்கிப் பூத்து முடியும்வரை நீர்த்தட்டுப்பாட்டை நெல் பொறுக்கமாட்டாது. ஒவ்வொரு மழைத் திகதியிலிருந்தும் விதைத்த திகதியைக் கழித்து, பயிரின் வயதைக் கிடை அச்சாகக் கொண்டு வரைந்தால், வறட்சி விழுந்த பருவம் உடனே புலப்படும். இரு போகங்களின் மழையையும் ஒரே வரைபில் ஒன்றன்மேல் ஒன்றாக இடுவதற்கும் வழி இதுவே. திகதியை அச்சாகக் கொண்டால் இரண்டும் ஓராண்டு தள்ளியே நிற்கும்.

இனி நேரத்தைக் கவனிக்க. நாளொன்று 1 ஆயின், நேரம் அதன் பின்னமாகும். காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75. எனவே 45597.25 என்பது 2024 நவம்பர் 1 காலை 6 மணி. இலங்கையர் நேரத்தைப் புள்ளியிட்டு 6.30 என்றே எழுதிப் பழகியவர்கள். விரிதாளில் அவ்வாறிட்டால், இலங்கை அமைப்பில் அது ஆறு தசம் மூன்று நாட்கள் என்றாகிவிடும். நேர வடிவத்திற்கு மாற்றினால் 7:12 என்று காட்டும். இரட்டைப் புள்ளியிட்டு 6:30 என்றே பதிதல் வேண்டும். பிற்பகல் 4 மணியை 16:00 என்று இடுக.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் செய்வோருக்கு இது கிணற்றைக் காக்கும் காரியமாகும். அங்குச் சுண்ணாம்புக்கல்லில் உள்ள நன்னீர், கடல்நீரின்மீது வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. மேல்மட்டம் சிறிது தாழ்ந்து நிலைத்தாலும் கீழிருந்து உவர்நீர் வெகுவாக உயர்ந்துவிடும். ஆதலால் இறைத்து நிறுத்தியபின் கிணறு எவ்வளவு விரைவாக ஊறுகின்றது என்பதை அறிந்தே அடுத்த இறைப்பை நிச்சயித்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, காலை 6:00 மணிக்குக் கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் 12 அடி ஆழத்தில் இருந்தது. 8:00 மணிக்கு இறைப்பை நிறுத்தியபொழுது 16 அடி. பின் 8:30 இல் 15, 9:00 இல் 14.5, 11:00 இல் 13.5, 16:00 இல் 12.5 அடி. இதனைப் பெயர் அச்சுடைய கோட்டு வரைபாக இட்டால், நிறுத்தியது முதல் மாலை வரை கிணறு ஒரே சீராக ஊறி வந்ததுபோலத் தோன்றும். உண்மை அதுவன்று. முதல் அரைமணியில் மணிக்கு இரண்டடி வீதம் ஊறிய கிணறு, பிற்பகலில் ஐந்து மணித்தியாலத்திற்கு ஓரடியே ஊறியது. மாலை நான்கு மணிக்கும் அரையடி குறைவாகவே நிற்கின்றது. அந்நேரத்தில் மீண்டும் இறைப்பவர் காலையிலும் தாழ்ந்த மட்டத்திலிருந்தே தொடங்குகின்றார். இவ்வாறு நாள்தோறும் அரையடி குறைந்தால் ஒரு மாதத்தில் என்னவாகும் என்பதை அவரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதற்குத் திகதி அச்சு உதவாது. எக்செலில் அதன் மிகச்சிறிய அலகு ஒரு நாளாகையால், ஒரே நாளின் எல்லா அளவுகளும் ஒரே இடத்தில் நிலைக்குத்தாக அடுக்கப்பட்டுவிடும். நேரத்திற்கு உரியது 'ஸ்கற்றர்' எனப்படும் சிதறல் வரைபு. புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் வகையைத் தெரிக. அச்சின் இழிவு, உயர்வு, அலகு ஆகியவற்றை இங்குப் பின்னமாகவே கொடுத்தல் வேண்டும்: இழிவு 0.25, உயர்வு 0.75, பெரிய அலகு 0.125 என்றால் காலை 6 தொடக்கம் மாலை 6 வரை மூன்று மணிக்கு ஒருமுறை நேரம் குறிக்கப்படும். ஒரு மணித்தியாலத்திற்கு ஒருமுறை வேண்டுமாயின் 1 இனை 24 ஆல் வகுத்து வரும் 0.0416667 இனை இடுக. பல நாட்களின் அளவுகளாயின் திகதியையும் நேரத்தையும் ஒரே கலத்தில் சேர்த்துப் பதிக. ஆழத்தைக் குறிக்கும் நிலைக்குத்து அச்சைத் தலைகீழாகத் திருப்பி விட்டால் நீர்மட்டம் தாழும்பொழுது கோடும் தாழும். பார்ப்பதற்கு அதுவே இயல்பாக இருக்கும்.

அளக்காத நாளுக்குச் சுழியம் இடுதல் பெருந்தவறு. கிணற்றுக் கணக்கில் 0 என்பது நீர் விளிம்புவரை நிரம்பியது என்றே பொருள்படும். மழைக் கணக்கிலோ, மழைமானியைப் பார்த்து மழை இல்லையென்று கண்ட நாளுக்கு 0 இடுதல் வேண்டும். பாராத நாளின் கலத்தை வெறுமையாக விடுதல் வேண்டும். சலாகை வரைபில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுமாதலால், பாராத நாட்களை அருகே ஒரு நிரலிற் குறித்து வைத்தல் நலம்.

குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சும் வயல்களில் இரவு முறையும் உண்டு. இரவு 22:00 மணிக்குத் திறந்த வாய்க்கால் விடியற்காலை 4:00 மணிக்கு அடைக்கப்பட்டால், நேரத்தை மட்டும் கழிக்கும்பொழுது விடை பூச்சியத்திற்குக் கீழே போய்விடும். எக்செல் கலம் முழுவதும் வேலிபோன்ற குறிகளைக் காட்டும். இரு நேரங்களோடும் அவ்வவற்றின் திகதியைச் சேர்த்துப் பதிந்து கழித்தால் 6 மணித்தியாலம் எனச் சரியாக வரும். அவ்வாறான ஆறு முறைகளைக் கூட்டினால் 36 மணித்தியாலம் வரவேண்டும். சாதாரண நேர வடிவமோ ஒரு முழு நாளை விழுங்கிவிட்டு 12:00 என்றே காட்டும். கூட்டுத்தொகையை 24 ஆல் பெருக்கி எண் வடிவத்தில் இட்டால் 36 என்பது கிடைக்கும். நீர்ப்பம்பிக்கு மணித்தியாலக் கூலி கொடுப்போரும் இவ்வாறு பெருக்கிப் பார்த்தே காசைக் கொடுத்தல் வேண்டும்.