இஸ்தம்பூலில் இறுதி நாள்

பிறநாடு காணச் சென்றோர் பலர், விடைபெறும் நாளைப் பெட்டி கட்டுவதிலும், விடுபட்ட காட்சிகளின் பின்னே ஓடுவதிலும் போக்கிவிடுகின்றனர். அந்நாளில் இரண்டொன்றை மட்டும் மெல்ல நடந்து காண்டலே தகும் என்பது எமது கருத்து. இஸ்தம்பூல் மாநகரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அந்நகரத்துப் பேரங்காடி ஞாயிறன்று அடைத்திருக்கும். ஆதலின் புறப்படும் நாளை முன்னரே எண்ணிக் குறித்தல் வேண்டும். 1453இல் நகரைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத், சில ஆண்டுகளில் துணி வாணிகத்தின்பொருட்டு எழுப்பிய மண்டபமே அவ்வங்காடியின் கரு. அதனைச் சூழத் தெருக்கள் பெருகிக் கூரையும் வேயப்பெற்றன. தெருக்கள் பல தொழிற்பெயர் தாங்கியவை. ஆயினும் பெயரை நம்பிச் செல்வார்க்கு வியப்பே எஞ்சும். குல்லாய் செய்வோர் தெருவில் இன்று பொன்னகைகள் மின்னுகின்றன! விலை வினவிய அளவிலே தேநீர் வரும். அதனைப் பருகினமையால் வாங்கியே தீரவேண்டுமென்னும் கடப்பாடு இல்லை. பேரம் பேசி விலை முடிந்தபின் வாங்காது செல்லுதலோ பண்பன்று.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். பழங்காசு, சிற்பத்துண்டு முதலிய தொல்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லுதலை 1983ஆம் ஆண்டின் 2863ஆம் எண் சட்டம் தடுக்கின்றது. மிகப் பழைய கம்பளமாயின் அருங்காட்சியகத்தாரின் சான்று கேட்பர். ‘இது நூற்றாண்டுகள் பல கண்டது’ என வணிகர் கூறும் மொழி பொய்யாயின் பொருள் போம், மெய்யாயின் விமானமே தவறிப்போம், சிறையும் நேரலாம்.

அங்கிருந்து பொற்கொம்புக் கழிமுகத்தை நோக்கி இறங்கினால் எகிப்து அங்காடி. 1660களில் முற்றுப்பெற்ற இது, எகிப்து நாட்டு வருவாயால் எழுந்தமையின் அப்பெயர் பெற்றதென்பர். நம் மேலைக்கடற்கரையின் மிளகு செங்கடல் வழியே எகிப்தை அடைந்து, பின்னர் இந்நகர்க்கு ஏறியதுண்டு. ஈண்டுக் குங்குமப்பூ வாங்குவோர் சற்றே கூர்ந்து நோக்குக. விலை மலிவாயின் அது பெரும்பாலும் குசும்பப்பூவின் இதழே. மெய்யான குங்குமப்பூ, ஒருமுனை விரிந்த செந்நூல் போன்றிருக்கும்.

மாலையில் எமினோனுத் துறையிலிருந்து உஸ்குதாருக்குப் படகேறுக. ஐரோப்பாவில் ஏறி ஆசியாவில் இறங்கக் கால்மணி நேரத்திற்குச் சற்று மிகுதியே செல்லும். கடற்பறவைகள் உடன்வரும், சிறு கண்ணாடிக் குவளையில் தேநீரும் கிடைக்கும். அக்கரையினின்று நோக்கின், பழநகரின் குவிமாடங்கட்கும் தூபிகட்கும் பின்னே கதிரவன் மறைதலைக் காணலாம். இருட்டியபின் விரைந்து மீளவேண்டுவோர்க்கு, 2013 முதல் கடலடிச் சுரங்கத்தில் இரயில் வண்டி ஓடுகின்றது.