கட்டியை எடுப்பதா, கருப்பையை எடுப்பதா?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மாநகரத்து மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் ஸ்திரீ ரோக நிபுணராக விளங்கிய விக்டர் பானி என்பார், நார்க்கட்டிகள் தோன்றினால் கருப்பையையே அறுத்தெடுத்துவிடுவது சர்வ சாதாரணமாக இருந்த அக்காலத்தில், கட்டிகளை மட்டும் தோண்டியெடுத்து, உறுப்பைத் தைத்து மீண்டும் உருவாக்கிக் கொடுப்பதையே தம் வாழ்நாள் விரதமாகக் கொண்டார். அவருடைய மனைவி இளம் வயதிலேயே இதே வியாதிக்காகக் கருப்பையை இழந்தார் என்பதையும், அத்தம்பதிகளுக்கு மக்கட்பேறு இல்லாமற் போயிற்று என்பதையும் அறிந்தவர்களுக்கு, அந்த விரதத்தின் வேகம் எங்கிருந்து பிறந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ரத்தப் பெருக்கே இச்சிகிச்சையின் பெரிய சத்துருவாதலால், கருப்பைக்கு ரத்தம் பாய்ச்சும் நாளங்களைச் சற்று நேரம் இறுகப் பற்றி நிறுத்தும் இடுக்கியொன்றை அவர் அமைத்தார். ஒரே கருப்பையிலிருந்து 225 கட்டிகளை எடுத்து, அந்தக் கருப்பையை உரியவளிடமே அவர் விட்டுவைத்த செய்தி வைத்திய சரித்திரத்தில் நிலைத்திருக்கிறது.

நார்க்கட்டி என்பது கருப்பையின் தசையிலேயே முளைக்கும் உருண்டை, புற்றுநோய் அன்று. அநேகம் பெண்களுக்கு அது தம் உடலில் இருப்பதே தெரியாமல் காலம் கழிந்துவிடும். மாதவிலக்கு நின்ற பின்னர் பெரும்பாலும் தானே சுருங்கியும் போகும். அது தரும் உபத்திரவம் அதன் பருமனைக் காட்டிலும் இருப்பிடத்தையே பெரிதும் பொறுத்தது. கருப்பையின் வெளிப்புறத்தே ஆரஞ்சுப் பழமளவு வளர்ந்த கட்டி வாய்திறவாமல் கிடக்கக்கூடும். உட்குழிக்குள் துருத்தி நிற்கும் நெல்லிக்காயளவுக் கட்டியோ மாதந்தோறும் ரத்தத்தைக் கொட்டச் செய்து, ஹீமோகுளோபினை ஏழுக்கும் எட்டுக்கும் இறக்கிவிடும்.

பானியின் இடுக்கி செய்த வேலையை, நெடுங்காலத்துக்குப் பின், பாரிஸ் வைத்தியர் ழாக் ராவினா வேறொரு மார்க்கத்தில் செய்தார். சஸ்திர சிகிச்சையில் ரத்தம் பெருகாதிருக்கும் பொருட்டு, முன்கூட்டியே கருப்பைத் தமனிகளை அடைத்துவைக்க, அவ்வாறு அடைக்கப்பட்டுக் காத்திருந்த பெண்களிற் பலருக்குச் சஸ்திரத்துக்கு முன்னரே தொல்லை தீர்ந்துவிட்டது. இந்த அதிசயம் 1995-இல் லான்செட் பத்திரிகையில் 16 பெண்களைப் பற்றிய கட்டுரையாக வெளிவந்தது. தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு சிறு துவாரமிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே மெல்லிய குழாயொன்றைக் கருப்பைத் தமனி வரையில் செலுத்தி, வெள்ளை ரவையைப் போல் அரை மில்லிமீட்டர் அளவுள்ள துகள்களை அதன் வழியே விடுகிறார்கள். ரத்தமின்றிக் கட்டி வாடிச் சுருங்க, கருப்பை மட்டும் பக்கத்துக் கிளை நாளங்களிலிருந்து போஷணை பெற்றுப் பிழைத்துக்கொள்கிறது. வயிற்றில் தழும்பே இராது. ஆனால் சிகிச்சை நடந்த அன்றிரவின் வலி கொடியது. மார்ஃபின் மருந்து கொடுத்துத் தணிக்க வேண்டிய அளவுக்கு வரலாம். தழும்பில்லை என்று சொல்லுபவர்கள் அந்த இரவையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பிரிட்டனில் 157 பெண்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்றில், தமனியடைப்புப் பெற்றவர்கள் ஒரே நாளில் வீடு திரும்ப, சஸ்திரம் பெற்றவர்கள் ஐந்து நாள் தங்க நேர்ந்தது. ஓராண்டு கழித்து இரு சாராருடைய வாழ்க்கை நலமும் ஏறத்தாழ ஒன்றே. ஐந்தாண்டு கழித்துப் பார்க்கையிலோ, அடைப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு மறுபடியும் சிகிச்சை வேண்டியிருந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கே. குழந்தை வேண்டும் என்னும் பெண்ணுக்குக் கட்டியை மட்டும் எடுப்பதையே பொதுவாகச் சிபாரிசு செய்கிறார்கள். பிள்ளைகளைப் பெற்று, ரத்தப் போக்கினால் நொந்து, இனி இந்தத் தொல்லை எந்நாளும் வேண்டாம் என்று தானே துணிபவளுக்குக் கருப்பை நீக்கமே சரியான வழியாகவும் இருக்கலாம். கட்டி மறுபடி முளைக்காது என்று உறுதி கூறவல்லது அது ஒன்றே.

துளை சிறிது என்னும் காரணத்துக்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்துகொள்வதற்கும் இல்லை. வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப் சிகிச்சையில் பெரிய கட்டியை அத்துளை வழியே வெளியேற்றும் பொருட்டு உள்ளேயே துண்டாக்கும் இயந்திரம், மறைந்திருக்கும் புற்றுநோயை வயிறெங்கும் பரப்பிவிடக்கூடும் என்று 2014-இல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துத் துறை எச்சரித்தது. நார்க்கட்டி என்று கருதிச் சஸ்திரம் செய்யப்படும் பெண்களில் சுமார் 350 பேருக்கு ஒருவரிடம் அத்தகைய புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்பது அத்துறையின் கணக்கு.

நம் தேசத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூவர் கருப்பை நீக்கப்பட்டவர்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. என் தங்கையும் அந்தக் கணக்கிற் சேர இருந்தவள். 41 வயதில், பஸ்ஸில் ஏறினால் மடித்த துண்டை இருக்கையில் விரித்தே உட்காருவாள். கறுப்பும் கருநீலமுமன்றி வேறு நிறத்தில் புடவை உடுத்துவதையே விட்டுவிட்டாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், “ரெண்டு குழந்தை ஆயிடுச்சேம்மா, இனிமே அது எதுக்கு? எடுத்துடலாம்” என்று சொல்லித் தேதியும் குறித்துவிட்டார்கள். “கட்டி எந்த இடத்துல இருக்கு டாக்டர்?” என்று அவள் கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை. அதே ஸ்கான் காகிதத்தை வேறொரு வைத்தியரிடம் கொண்டுபோனோம். கட்டி உட்குழிக்குள்ளேயே இருந்தது. மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. கருப்பையின் வாய் வழியாகவே ஹிஸ்டிரோஸ்கோப் என்னும் கருவியைச் செலுத்தி, வயிற்றில் ஒரு கீறலுமின்றி அதைச் செதுக்கி எடுத்தார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாம் மாதம், சந்தன நிறப் புடவையொன்றை உடுத்திக்கொண்டு, கையில் துண்டில்லாமல், எங்கள் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.