நாள் வாடகைக்கு விட்டால் வீடா, லாட்ஜா?
மாடி போர்ஷன்காரர்களும் கடைக்காரர்களும் கவனிக்க வேண்டிய கணக்கு

சென்னை—

"என் வீடு சார். மாச வாடகைக்கு விட்டா என்ன, நாள் வாடகைக்கு விட்டா என்ன? இதிலே சர்க்காருக்கு என்ன வந்தது?"

மாடி போர்ஷனை செல்போன் ஆப்பில் போட்டு நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சர்க்காருக்கு நிறையவே வருகிறது!

மாத வாடகை என்றால் ஒரு கணக்கு. நாள் வாடகை என்றால் வேறு கணக்கு. கதவு அதே கதவு, கட்டில் அதே கட்டில். ஆனால் வரி மாறுகிறது, ஆபீஸ் மாறுகிறது. சில சமயம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

யார் வருகிறார்கள்?

முன்பெல்லாம் வெளியூர்க்காரர் என்றால் எழும்பூர், பெரியமேடு, திருவல்லிக்கேணி லாட்ஜுகள்தான். இப்போது அப்படி இல்லை.

கிரீம்ஸ் ரோடு பக்கம் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ தங்க இடம் வேண்டும். நோயாளிக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பு வேண்டும். லாட்ஜ் அறையில் அடுப்புக்கு எங்கே போவது? அண்ணா மேம்பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு விசாவுக்கு வருகிறவர்கள், தி.நகரில் கல்யாண ஜவுளி எடுக்கக் குடும்பத்தோடு வருகிறவர்கள், பழைய மகாபலிபுரம் சாலை கம்பெனிகளுக்கு வேலையாக வருகிறவர்கள் எல்லோருக்கும் வீடு மாதிரி இடம் வசதி.

வீட்டுக்காரருக்கும் லாபம். மாதம் ரூ.20 ஆயிரம் வாடகை வரும் போர்ஷனை நாளுக்கு ரூ.2 ஆயிரம் என்று விட்டால், 15 நாள் ஆள் வந்தாலே ரூ.30 ஆயிரம் கைக்கு வருகிறது. அட்வான்ஸ் திருப்பித் தரும் தொல்லை இல்லை. காலி செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்கு அலையவும் வேண்டாம்.

இதுவரை சரி. இனிதான் சங்கதி.

ஒரே அறை, இரண்டு பில்!

தமிழ்நாட்டில் ஓட்டல், லாட்ஜ் அறைகளுக்கு ஆடம்பர வரி போட 1981-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி அதற்குள் கரைந்துவிட்டது.

ஒரு குடும்பம் குடியிருப்பதற்காக வீட்டை மாத வாடகைக்கு விட்டால் ஜி.எஸ்.டி. கிடையாது. நாள் வாடகைக்கு விட்டால் அது குடியிருப்பு அல்ல, தங்கும் இடம். வரி உண்டு. முதலில் நாளுக்கு ரூ.1,000 வரை உள்ள அறைக்கு வரி இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகை போய் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரை உள்ள அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம்.

"அப்போ நானும் கட்டணுமா?" என்று பதற வேண்டாம். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாதவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. ரூ.2 ஆயிரம் அறை 365 நாளும் நிரம்பினாலும் ரூ.7 லட்சத்து 30 ஆயிரம்தான். அப்படி மூன்று வீடு வைத்து மூன்றும் ஆண்டு முழுக்க நிரம்பினால்தான் எல்லையைத் தாண்டும்.

ஆனால் ஒரு வேடிக்கை. ஆப் மூலம் ஆள் வந்தால், பதிவு இல்லாத வீட்டுக்காரருக்குப் பதிலாக ஆப் கம்பெனியே வரியைக் கட்ட வேண்டும் என்பது சட்டம். ரூ.2 ஆயிரத்துக்கு ரூ.100. அதே அறைக்கு, தெரிந்தவர் சொல்லி, போன் செய்து நேரே வருகிறவருக்கு வரி இல்லை. ஒரே கட்டிலில் நேற்றுப் படுத்தவர் வரி கட்டியிருக்கிறார், இன்று படுத்தவர் கட்டவில்லை! இரண்டும் சட்டப்படி சரிதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "ஆப்காரனே வரி கட்டிட்டான், எனக்கு வேற ஒண்ணும் இல்லே" என்று இருந்துவிடுகிறார்கள். அவன் கட்டியது ஒரே ஒரு வரி. மற்ற நோட்டுப் புத்தகங்களில் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கிறது.

மளிகைக் கடைக்காரருக்கு வில்லங்கம்

கடை வைத்திருப்பவர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கவும்.

சரக்கு மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு எல்லை ரூ.40 லட்சம். ஆண்டுக்கு ரூ.35 லட்சம் வியாபாரம் செய்யும் ஒரு மளிகைக் கடைக்காரர் இந்த எல்லைக்குள் பதிவு இல்லாமல் நிம்மதியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு மேலே உள்ள அறையை நாள் வாடகைக்கு விடுகிறார். ஆண்டுக்கு ஒரு லட்சம் வருகிறது.

அந்த ஒரு லட்சத்தால் அவர் 'சரக்கு மட்டும்' விற்பவர் என்ற வரிசையிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். சேவையும் செய்கிறவருக்கு எல்லை ரூ.20 லட்சம்தான். அதுவும் அறைக்குத் தனி, கடைக்குத் தனி என்று பார்க்க மாட்டார்கள். ஒரு பான் நம்பர், ஒரு கணக்கு. மொத்தம் ரூ.36 லட்சம். ஆகவே கடையையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். மாடி அறைக்கு ஆசைப்பட்டுப் பருப்புக்கும் சோப்புக்கும் கணக்கு எழுத வேண்டிய நிலை!

இவருக்காக ஆப் கம்பெனியும் வரி கட்டாது. பதிவு செய்ய வேண்டியவர் தாமே கட்ட வேண்டும் என்பது விதி. வீடு உண்மையிலேயே மனைவியுடையதாக இருந்து, வாடகையும் அவர் கணக்கில் வந்தால் அது தனிக் கணக்கு. ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அறையைத் திறப்பது நல்லது.

ஹாஸ்டல்காரர்கள் போட்ட வழக்கு

வீடா, லாட்ஜா என்ற இதே கேள்வி சென்னை ஐகோர்ட்டு வரை போயிருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்கள், மாணவிகள் தங்கும் ஹாஸ்டல்களுக்கு ஜி.எஸ்.டி. உண்டு என்று தமிழ்நாட்டில் 2023-ல் அதிகாரிகள் தரப்பில் முடிவு சொன்னார்கள். ஹாஸ்டல் நடத்துகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. தங்குகிறவர் அந்த இடத்தை வீடாக உபயோகிக்கிறாரா என்றுதான் பார்க்க வேண்டும், ஹாஸ்டலும் குடியிருப்பே என்று கோர்ட்டு சொன்னது.

சில மாதத்தில் மத்திய சர்க்காரும் ஒரு கோடு போட்டது. 2024 ஜூலை 15 முதல், ஒருவருக்கு மாதம் ரூ.20 ஆயிரத்துக்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை. நீண்ட வைத்தியத்துக்கு வருகிறவருக்கு மூன்று மாதம் பேசி விடுகிறவர்கள் இந்த 90 நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 89-வது நாள் காலி செய்தால் பயன் இல்லை!

மாநகராட்சியும் மின்சாரமும்

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தரம். குடியிருப்புக்கு ஒரு விகிதம், வணிகத்துக்கு ஒரு விகிதம். 2022-ல் சொத்து வரி உயர்ந்தபோது பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம் கூடியது. வணிகக் கட்டிடத்துக்கு 150 சதவீதம்! குடியிருப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே லாட்ஜ் வேலை செய்தால், அளக்க ஆள் வரும்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும். லாட்ஜ் என்றால் மாநகராட்சி லைசென்சும் கேட்பார்கள்.

மின்சாரமும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்புக்கு. லாட்ஜுக்கு வணிகக் கட்டணம். நாள் வாடகைக்காரர் ஏ.சி.யை எப்படி ஓட்டுவார் என்று சொல்ல வேண்டுமா! போகும்போதும் அணைக்க மாட்டார். மீட்டர் ஏறினால் ஆபீஸில் கண்ணில் படத்தான் படும்.

வருமான வரியில் மாத வாடகைக்குச் சலுகை உண்டு. கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தை ரசீது இல்லாமலே கழித்துக்கொள்ளலாம். படுக்கை மாற்றுவது, அறை கூட்டுவது, காலையில் காப்பி என்று சேவைகள் சேர்ந்தால், இது வாடகை அல்ல, தொழில் என்ற பேச்சு வரும். அப்போது ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும். சலவைக் கணக்கு முதல் எடுத்து வையுங்கள்.

'ஹோம் ஸ்டே' என்று வாசலில் பலகை மாட்டினால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மத்திய சுற்றுலாத் துறைத் திட்டத்தில் ஹோம் ஸ்டேக்கு அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கை. வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பூட்டிக்கிடக்கும் பிளாட்டின் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவது ஹோம் ஸ்டே ஆகாது.

இத்தனைக்கும் ஒரே இடத்தில் ஒரு பாரம் கிடையாது. ஒரே கவுண்டர் வைத்து, ஒரு நியாயமான தொகை போட்டால் பாதிப் பேர் தாங்களே வந்து கட்டுவார்கள் என்பது நம் எண்ணம்.

மாத வாடகைக்காரர் கதி

நாள் வாடகைக்குப் போகும் ஒவ்வொரு போர்ஷனும் மாத வாடகைக்கு இல்லாமல் போகும் போர்ஷன். வீடு தேடி அலையும் குமாஸ்தாவுக்கு இது தெரியும். வெளிநாடுகளில் இது முற்றிப்போய்விட்டது.

நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் 5 முதல் கடுமையான விதி. 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விட வேண்டுமானால் பதிவு வேண்டும், வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் 10,101 சுற்றுலா வீட்டு லைசென்சுகளையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று மேயர் 2024-ல் அறிவித்தார். உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

போலீசுக்குத் தகவல்

வரியில் தவறினால் அபராதத்தோடு போகும். இதில் தவறினால் அப்படி அல்ல.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையில் சம்பந்தப்பட்டவர்கள் என்று போலீசார் கூறிய 5 பேர் சுட்டுக்கொல்லப்பட்டது நினைவிருக்கும். அதன் பிறகுதான் குடியிருப்பவர் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் தர வேண்டும் என்று நகர போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டார். அவர்களாவது மாத வாடகைக்கு வந்தவர்கள். ஒரு நாள் மட்டும் தங்கிப்போகிறவரைப் பற்றி வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? ஆப்பில் ஒருவர் பெயர் இருக்கும், வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். நான்கு பேரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி, வந்த தேதி, போன தேதி எழுதி நோட்டு வையுங்கள்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு ஆன்லைனில் தகவல் தர வேண்டும். ஸ்டார் ஓட்டலுக்கு மட்டும் அல்ல, தனி வீட்டுக்கும் இது பொருந்தும். பழைய 1946-ம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் அமலில் இருக்கிறது. வைத்தியத்துக்கு வந்த வெளிநாட்டு நோயாளியும் சரி, துணைக்கு வந்தவரும் சரி, ஆளுக்கு ஒரு பாரம். சென்னைக்கு உரிய ஆபீஸ் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கிறது. இரவு 11 மணிக்கு விமானத்தில் வந்து இறங்குகிறவர் என்றால், மறுநாள் இரவு 11 மணிக்குள் பாரம் போயிருக்க வேண்டும்.