மழையில் எரியும் விளக்குகளும் மின்கசிவுக் காவற்பொறியும்

ஐப்பசியில் தீபாவளியும் கார்த்திகையில் தீபமும் மார்கழியில் கிறிஸ்துமஸும் வருகிற தமிழகத்தில், விளக்கேற்றும் வைபவங்களெல்லாம் வடகிழக்குப் பருவமழையின் நடுவிலேயே அமைந்துவிட்டன. அகல் விளக்கில் மழை விழுந்தால் அது அணைந்து போகும். மாடிச்சுவரில் சுற்றிய சீரியல் விளக்கோ நனைந்த பின்னும் எரியும். அபாயம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மலிவான சீரியல் செட்டுகளில் பல, மின்னழுத்தத்தைக் குறைக்கும் சாதனம் ஏதுமின்றி, 230 வோல்ட்டையும் வரிசையாய்க் கோத்த சிறு விளக்குகளுக்குள் பங்கிட்டுவிடுபவை. ஆகவே, இத்துணை சிறிய விளக்கு என்ன செய்துவிடும் என்று அலட்சியமாக, எரியாத ஒன்றைப் பிடுங்கி அந்தக் குழியில் ஈரவிரலை வைப்பவர், சில வோல்ட்டை அல்ல, முழு மின்னழுத்தத்தையுமே சந்திக்க நேரலாம். உலர்ந்த சருமம் பல்லாயிரம் ஓம் அளவுக்கு மின்சாரத்தைத் தடுக்கும். நனைந்த தேகத்தில் அத்தடை ஏறத்தாழ 1,000 ஓம் ஆகச் சரிந்துவிடுவதால், 230 மில்லி ஆம்பியர் வரை பாயக்கூடும். பிராணனைப் போக்க இது தாராளமாகப் போதும். ஆனால் 5 ஆம்பியர், அதாவது 5,000 மில்லி ஆம்பியர் பியூஸுக்கு இது ஒரு பொருட்டே அன்று. பியூஸ், ஒயர் கருகாமல் காப்பதற்காக ஏற்பட்டது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் மனிதன் பிடித்த கம்பியை விடமுடியாமற் போவான் என்று தொண்டர்களைக் கொண்டே சோதித்து, ஆடவருக்கு அது சராசரி 16 மில்லி ஆம்பியர் என்று கண்டார். 1961-இல் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் ஒன்றையும் அமைத்தார்.

நம் வீடுகளில் 'ஆர்.சி.சி.பி.' என வழங்கும் பொறியும் இவ்வினத்ததே. லைவ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளும் அதனுள் ஓர் இரும்பு வளையத்தின் ஊடே செல்கின்றன. போன மின்சாரம் முழுதும் திரும்பி வரும்வரை இரண்டின் காந்த விளைவுகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, வரவு செலவு நேரான கணக்கைப் பார்த்த கணக்கப்பிள்ளையைப் போல் அது வாளாவிருக்கும். ஒரு பகுதி ஈரச்சுவர் வழியாகவோ மனித தேகத்தின் வழியாகவோ பூமிக்குப் போய்விட்டாலோ, அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றிய கம்பிச்சுருளில் மின்சாரத்தைத் தூண்டி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே 0.3 வினாடிக்குள் இணைப்பை அறுத்துவிடும். உலர்ந்த பலகையில் நின்று இரு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தவனை மாத்திரம் அதனால் இனங்காண இயலாது.

மழை வந்தால் 'டிரிப்' ஆகிறதென்று அதனை விலக்கி, நேரே இணைப்புக் கொடுக்கச் சொல்லும் கிருஹஸ்தர்களும் உளர். அவர்கள் செட்டுகளை ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் எங்கேனும் முறுக்கி டேப் சுற்றிய ஓர் ஒட்டு நீரில் ஊறிக் கிடப்பது புலனாகும்.